இளஞ்சிவப்புப் புட்டி

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலம், அவருடைய இருமல் அவரைவிட நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆய்வுக்கூடத்தில் என்னதான் நடந்தது என்று போனில் கேட்டாய், எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

செல்லுக்குள் டி.என்.ஏ. நூல் புரத உருளைகளில் இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கும், அந்தச் சுற்றுக்குள் அகப்பட்ட மரபணு வேலை செய்யாது. ஹார்மோன் உள்ளே வந்து ஏற்பி என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்பி நூலில் தனக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்து, உருளைகளை நகர்த்தும் வேறு புரதங்களை வரவழைக்கும், அவை கட்டைத் தளர்த்திய பிறகே மரபணு விழிக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு நகர்வது போலத்தான், என்ன, செல்லில் வேலை முடிந்துவிடும்.

எங்கள் துறைத்தலைவர் செல் வளர்க்கும் தட்டுகளில், ஹார்மோன் விடாத செல்களிலும் மரபணு பாதி விழித்திருந்தது. ஹார்மோனே தேவையில்லை, ஏற்பி தானாகவே எல்லாம் செய்கிறது என்று கட்டுரை எழுதி, கேக்கும் வெட்டிவிட்டார். எனக்கு மனது ஒப்பவில்லை. செல்களுக்கு ஊற்றும் வளர்ப்புத் திரவத்தின் புட்டியை எடுத்துப் பார்த்தேன், இளஞ்சிவப்பு. நாங்கள் சோதித்த ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன், அந்தச் சாயமே லேசாக அதன் வேடம் போடும், இந்த வேலைக்குச் சாயமில்லாததைத்தான் வாங்க வேண்டும். தவறான புட்டியை வரவழைத்தது யார் என்று ஆர்டர் தாளைத் தேடினேன், கீழே என் கையெழுத்து. மூன்று மாதம் நானே தினமும் ஊற்றியிருக்கிறேன், கண்ணில் படவில்லை.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் இது. "முதல்ல கையெழுத்து விழட்டும், அப்புறம் உண்மையைச் சொல்லு, அது எங்க ஓடிடப்போகுது" என்றார் அப்பா. மறுநாளே கூட்டத்தில் சொல்லிவிட்டேன், தவறு என்னுடையது என்றும் சொன்னேன். துறைத்தலைவர் மிகுந்த கனிவோடு, "இந்த வயசுல ஹார்மோன் படுத்தத்தான்மா செய்யும், ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க" என்றார். "ஹார்மோன் தேவையே இல்லைன்னு நேத்துதானே சார் கேக் வெட்டினீங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் ஒப்பந்தம் இருக்கிறது.

சாயமில்லாத திரவத்தில் மறுபடி செய்தேன். ஹார்மோன் விடாத தட்டில் மரபணு அசையவே இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், எனக்கும் நேற்று கடிதம் வந்தது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, காரணம் ஆர்டரில் செய்த தவறு. அது நியாயமான காரணமாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

நீ நன்றாக இரு, உடம்பைப் பார்த்துக்கொள், உன் தவறுகள் முதலில் உன் கண்ணிலேயே படட்டும். ஒன்றை மறந்துவிடாதே, அப்பா போன் செய்தால் வேலை போனது தெரியாதது போலவே பேசு. தான் அப்போதே சொன்னதாக அவர் யாரிடமாவது சொல்லியாக வேண்டும், என்னிடம் சொல்ல அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

வீட்டில் இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா