ஐந்தாவது வாத்தியம்

மே 9, சனி

"டாக்டரிடம் காட்டு" என்று டீச்சரிடம் இன்றும் சொல்லவில்லை.

நூலக மாடியில் சனிதோறும் கோடைக் கச்சேரி. தோழிகள் மூவரும் ஒரே வரிசை: நான், நடுவில் டீச்சர், அந்தப் பக்கம் நெட்டை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. தெருச் சத்தம் வராமலிருக்க ஜன்னல்களைச் சாத்திவிடுகிறார்கள். ஒரு பாகம் முடிந்ததும், அதுவரை அடக்கிய இருமலை அரங்கமே சேர்ந்து இருமித் தீர்க்கும். டீச்சரும் அதில் கலந்துகொள்கிறாள். ஆனால் எல்லோரும் ஓய்ந்த பிறகும் அவளுடையது ஓயவில்லை. செல்லோக்காரர் வில்லைத் தூக்கியபடி காத்திருந்தார்.

"நாலு பேர் கச்சேரிக்கு இவதான்டி அஞ்சாவது வாத்தியம்," என்றாள் நெட்டை. டீச்சரே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மே 16

கைதட்டும்போது டீச்சரின் கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. நாவல்களில் இருமும் பெண்கள் கடைசி அத்தியாயம் வரை அழகாக இருப்பார்கள். பக்கத்து நாற்காலியில் அப்படி இல்லை.

மே 17

இது வெறும் இருமல் இல்லையென்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? மழலையர் வகுப்பு வேலை இப்போதுதான் நிரந்தரமாகியிருக்கிறது. அதனால்தான் டாக்டரிடம் போகாமல் பை நிறைய இருமல் மிட்டாயோடு வருகிறாள்.

மே 23

மெதுவான பாகத்தின் நடுவிலேயே இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னாலேயே போனேன்.

"சாக்பீஸ் தூசிடி."

"லீவு விட்டு மூணு வாரமாச்சு. இப்ப ஏது சாக்பீஸ்?"

அவள் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தாள்.

"ஜூன்ல குழந்தைங்க வந்துரும். உன் மடியிலதான் ஏறி உக்காரும். ஒரு எக்ஸ்ரே எடுத்துருடி."

"நீ என்ன ஃப்ரெண்டா, இன்ஸ்பெக்டரா?"

பையைக்கூட எடுக்காமல் படியிறங்கிவிட்டாள். உள்ளே கைதட்டினார்கள்.

மே 24

போனை எடுக்கவில்லை. வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல நான்? — இல்ல. இத்தன நாள் மூடிட்டு இருந்ததுதான் தப்பு.

மே 30

நடு நாற்காலியில் டீச்சரின் பையை வைத்தோம். பாகம் முடிந்ததும் அரங்கம் இருமியது. சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. நெட்டை இன்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

ஜூன் 6

டீச்சரே போன் செய்தாள். காசநோயாம். பள்ளியில் அவளாகவே சொல்லிவிட்டாளாம். வகுப்பை வேறொருவர் பார்க்கிறாராம். சண்டையைப் பற்றி இருவருமே பேசவில்லை. வைக்கும் முன், "நீங்க ரெண்டு பேரும் போய்க் காட்டிருங்கடி. பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க," என்றாள்.

ஜூன் 20

டீச்சருக்கு ஆறு மாதம் மாத்திரை. நெட்டைக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஆறு மாதம்.