மூட்டையில் கட்டியிருந்த சீட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு ஏன் திடீரென்று தாய்ப்பாலை நிறுத்தினாய் என்று நேற்று போனில் கேட்டாய். பல் முளைத்துவிட்டது, கடிக்கிறாள் என்றேன். அது பொய். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை நம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வார்டு விரிப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சுருட்டிய விரிப்புக்குள் மூடியில்லாத ஊசி ஒன்று கிடந்தது. கையுறையைத் துளைத்துக்கொண்டு கட்டைவிரலில் இறங்கிவிட்டது. கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடினேன்.

“எந்த வார்டு மூட்டைம்மா? தெரிஞ்சா அந்த நோயாளியோட ரத்தத்தைப் பாத்துடலாம். அதுல ஒண்ணுமில்லேன்னா உனக்கு மாத்திரையே வேண்டாம்” என்றார்.

“கவனிக்கலை சார்” என்றேன்.

அதனால் எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க இருபத்தெட்டு நாள் மாத்திரை; தாய்ப்பாலும் கொடுக்கக் கூடாதாம். எதை வாயில் வைத்தாலும் குமட்டுகிறது. பாப்பா என் ரவிக்கையைப் பிடித்து இழுத்து அழும்போது அவளை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

நர்ஸ் வேலையில் உனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ வந்திருக்கிறது. இரண்டு வார்டை ஒருத்தியாகப் பார்க்கிறாய் என்பதும் தெரியும்.

மூட்டையில் கட்டியிருந்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். வார்டு எண்ணுக்குக் கீழே இருப்பது யார் கையெழுத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. அந்தச் சீட்டை டாக்டரிடம் நான் கொடுக்க மாட்டேன். நீ கொடுத்தால் கொடு.

இப்படிக்கு,
உன் தங்கை