அட்டைப்படத்தில் தெரியாத கை

நேற்று சென்னையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பிரித்ததும் புதுப் பெயிண்ட் வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே ஒரு சாண் உயரத்தில் உன் மின்னல் மங்கா. பெட்டியின் மேல் உன் பெயர், என் பெயரைவிடப் பெரிய எழுத்தில். அப்படித்தான் போடச் சொல்லியிருந்தேன். நீ இருந்திருந்தால் முதலில் பொம்மையைத் திருப்பி முதுகைத்தான் பார்த்திருப்பாய். அந்த முதுகுக்கு நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மன்னார்குடியில் ஒரே போர்டுக் கடையில் தூரிகை பிடித்தவர்கள் நாம். ஆட்சி மாறி, சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும் ஏறிய காலம். கட்சிக்காரர்களுக்குச் சுவர் எழுதியே நம் விரல்களில் சாயம் போகாது. பிறகு நான் சிமெண்டில் தலைவர்களுக்குச் சிலை செய்யப் போனேன். நீ காமிக்ஸ் வரையச் சென்னைக்குப் போனாய்.

நீ கிளம்புவதற்கு முந்தைய அறுவடையில்தான் உன் ஊரில் அது நடந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றி வந்தார். வயலுக்குத் திரும்பும் முனையில் உன் அக்கா பாக்கியம் ஊர்ப் பெண்களுக்கு முன்னால் கையை உயர்த்தி வழிமறித்து நின்றாள். லாரி நின்றது. அதிலிருந்து தடியோடு இறங்கியவர்கள் பெண்கள் என்றும் பார்க்கவில்லை. ஆனால் ஒருத்தியும் நகரவில்லை. லாரி வந்த வழியே திரும்பியது.

சென்னையில் உன்னிடம் துப்பறியும் நாயகி ஒருத்தியைக் கேட்டார்கள். மின்னல் மங்கா என்று பெயர் வைத்து, அவளுக்கு நீ அக்காவின் முகத்தைக் கொடுத்தாய். அட்டைப்படத்தில் கறுத்த மேனி, வரிந்து கட்டிய சேலை, லாரிக்கு எதிரே உயர்ந்த வலது கை. இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதில் துப்பாக்கியா, கத்தியா என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் ஒருமுறை கேட்டேன். "அது அக்கா கை. அவளைக் கேளு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாய். நான் கேட்கவில்லை. அப்போது அது விளையாட்டாகப் பட்டது.

போன வருஷம் கார்த்திக் என்ற பையன் வந்தான். பழைய காமிக்ஸ் நாயகர்களைப் பொம்மையாக்கி, சேர்த்து வைப்பவர்களுக்கு விற்கிறவன். உன் அட்டைப்படத்தை என் கையில் கொடுத்தான். முன்பக்கம் களிமண்ணில் சுலபமாக வந்துவிட்டது. திருப்பினால் ஒன்றுமில்லை. படத்துக்கு முன்பக்கம் போதும், பொம்மைக்குப் போதாது.

உன் ஊருக்கு பஸ் ஏறினேன். அக்காவுக்குக் கண் மங்கியிருக்கிறது, குரல் அப்படியே இருக்கிறது.

"அந்தக் கையில என்னக்கா இருந்துச்சு?"

"செல்லம்மா கைதான் இருந்துச்சு. லாரி நிக்கும்னு எனக்கென்ன தெரியும் தம்பி? பின்னால நின்னவ கையப் புடிச்சுக்கிட்டேன். அவ விட்டிருந்தா நான் ஓடியிருப்பேன்."

"இது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? ரெண்டு பேரையுந்தான் போட்டானாம். கதாநாயகி ஒருத்தி போதும்னுட்டாங்களாம். கைய வெட்ட மனசு வராம முதுகுக்குப் பின்னால மறைச்சுட்டான்." பிறகு சொன்னாள்: "செல்லம்மா போயிட்டா. ஒரு போட்டோகூட எடுத்ததில்ல."

எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். என் கையை இழுத்து விரல்களைக் கோத்து இறுக்கினாள். எலும்பு வலித்தது. அந்த வலி ஆறுமுன் வீட்டுக்கு வந்து களிமண்ணைப் பிசைந்தேன். செல்லம்மாவின் மகளை வரவழைத்து நிற்கவைத்தேன். "அவ இன்னும் குள்ளம், தோள் அகலம்" என்று கூடவே வந்த அக்கா, மகளின் தோளைத் தொட்டுப் பார்த்துத் திருத்தினாள்.

கார்த்திக் போனில் தயங்கினான். "சார், அட்டையில ஒருத்திதானே இருக்காங்க. ரெண்டு பேருன்னா அச்செல்லாம் மாத்தணும். ரசிகர்கள் துப்பாக்கிதான் எதிர்பார்க்கிறாங்க."

"துப்பாக்கி வைக்கணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க தம்பி. நான் வைக்க மாட்டேன்."

போனை வைத்த பிறகும் வேலையை நிறுத்தவில்லை. அவன் வாங்காவிட்டாலும் முடித்துவிடுவது என்று இருந்தேன். ஒருநாள் அவனே வந்து நின்றான். அக்காவிடம் கூட்டிப்போனேன். அவள் அவன் கையையும் அதேபோல் பிடித்துக் காட்டினாள். திரும்பி வந்தவன் களிமண் உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில், "இப்படியே போடலாம் சார்" என்றான்.

முன்னாலிருந்து பார்த்தால் உன் அட்டைப்படம், ஒரு கோடு மாறவில்லை. திருப்பினால் செல்லம்மா.

இன்று காலை அக்காவின் மடியில் வைத்தேன். தன் முகத்தை அவள் தேடவில்லை. கட்டைவிரலால் செல்லம்மாவின் தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "இவ இன்னொரு கையில ராசாத்தியப் புடிச்சிருந்தா" என்றாள்.

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கார்த்திக்குக்கும் தேவைப்படாது. ஆனாலும் ராசாத்தி எப்படி இருப்பாள் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். நெடுநெடுவென்று இருப்பாளாம், இடது புருவத்தில் தழும்பாம். மத்தியானமே கம்பி வளைத்து, களிமண் பூச எலும்புக்கூடு கட்டிவிட்டேன். அவளுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். சொல்லச் சொல்லச் செய்துகொண்டே போவேன்.