முழங்கால் தண்ணீர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் தினப்படி வேண்டுதல். நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஒப்பவில்லை. சுனாமி எச்சரிக்கை வந்த அன்று நடந்ததை உன்னிடம் பேசவே கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறார். பேசினால்தானே சத்தியம் தவறும், எழுதினால் தவறாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

காலை ஒன்பது மணிக்கே தெருவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள், கரைப்பக்கம் யாரும் போகாதீர்கள், பள்ளிக்கூட மாடிக்கு வந்துவிடுங்கள் என்று. மருந்து டப்பாவும் பத்திரப் பையுமாகப் போய், ஆறாம் வகுப்புப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தோம். உன் அப்பாவுக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதே. பட்டறையில் பிரித்துப் போட்ட படகு எஞ்சின் தரையில் கிடக்கிறது, உப்புத்தண்ணீர் பட்டால் ஊரான் பொருள் பாழாகும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலுக்குப் போனார். அதட்டி அதட்டி உட்காரவைத்தேன். இரண்டு மணி நேரம் என் பேச்சு செல்லுபடியானது, அப்புறம் உன் செய்தி வந்தது. "அதெல்லாம் சும்மாப்பா, நான் நியூஸ் பாத்துட்டேன், முழங்காலுக்கு மேல தண்ணி வராது, பேசாம வீட்டுக்குப் போங்க" என்று. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அதை வாசித்துக் காட்டினார். வலை வியாபாரி, "தம்பி அங்க இருக்கு, தண்ணி இங்கதானண்ணே இருக்கு" என்று தடுத்துப் பார்த்தார். "எம்புள்ள படிச்சவன், தெரியாம சொல்லமாட்டான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னால் ஓடிய என்னை வாசலில் நின்ற காவலர் பிடித்து நிறுத்தினார், அதற்குள் அப்பா அவர் கண்ணில் படாமல் பின்பக்கக் கேட் வழியாகப் போய்விட்டார்.

நீ சொன்னது சரிதான். முழங்கால் தண்ணீர்தான் வந்தது. அது வந்த வேகத்தில், அவர் பாதி தூக்கியிருந்த எஞ்சின் சரிந்து வலது கையைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. மூன்று மணிக்கு எல்லோரும் இறங்கலாம் என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். அதுவரை அந்தக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் தெரியாது. இனி மூன்று விரல் மடங்காதாம். ஸ்பானர் பிடிக்க முடியாது, சோற்றைக்கூட இடது கையால் கரண்டியில்தான் சாப்பிடுகிறார்.

ஏன் இறங்கிப் போனீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்காதவர் இல்லை. "எனக்குத்தான் கொழுப்பு" என்றார், உன் பெயரை எடுக்கவில்லை. வலை வியாபாரியை ஆள் விட்டு அழைத்து, "எம்பையன் சொன்னத வெளிய சொல்லிடாதீங்க, அன்னைக்கு ரூம்ல இருந்தவங்ககிட்டயும் சொல்லிவைங்க" என்று கெஞ்சினார். நாற்பது வருடத்தில் அவர் ஒருவரிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. உன்னிடம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றாரே, அதுவும் இதற்குத்தான்.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை என்று சொல்லமாட்டேன், குத்தத்தான் எழுதுகிறேன். பெற்ற வயிறு எரிகிறது. இருந்தாலும் நீங்கள் மூவரும் நன்றாக வாழ வேண்டும், பிள்ளைக்கு என் முத்தம்.

மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை போன் செய். இதைப் பற்றி மூச்சு விடாதே. குளியலறைக்கு ஒரு ரப்பர் மிதியடி வாங்கிப் போடுங்கப்பா என்று மட்டும் சொல். அன்றைக்கே போய் வாங்கி வருவார்.

கோபம் ஆறாத
உன் அம்மா