கதவோரம் நிற்கும் உன் தம்பி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் கை போகிறது, ஆனால் பொய்யில் தொடங்கிய கடிதம் உருப்படாது. நீயாவது உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ அழுவாய், நான் அதட்டுவேன், விஷயம் நடுவில் நின்றுவிடும். அதனால் தாளில் எழுதுகிறேன், முடித்ததும் அம்மா படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். நான் டவுன் பஸ் ஓட்டியவன், எல்லாத் தெருவையும் சுற்றித்தான் சேர வேண்டிய இடத்துக்கு வருவேன், பொறுத்துக்கொண்டு படி.

சின்னவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட பிறகு அம்மா சமையலில் ஒரு நாள் உப்பே இல்லை, ஒரு நாள் இரண்டு மடங்கு, நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிடுகிறேன். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் துப்பறிய வந்தவர்கள் மாதிரி கேட்கிறார்கள், காதலா, வேலையில் பிரச்சினையா, வீட்டில் ஏதாவது சொன்னீர்களா என்று. எங்களுக்குத் தெரிஞ்சா இப்படி உக்காந்திருப்போமா என்று அம்மா ஒருத்தியிடம் கேட்டுவிட்டாள், அவள் அதற்குப் பிறகு வரவில்லை, நல்லது. அவன் வேலை பார்த்த கண்ணாடிக் கடை முதலாளி மட்டும் ஒன்றும் கேட்காமல், அவன் சிரிக்காம ஒரு நாள்கூட நான் பாத்ததில்லையே என்று சொல்லி அழுதுவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு நம் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. போனவன் மேல் எனக்குக் கோபம் வருகிறது, வரக்கூடாதாம், ஆனால் வருகிறது. கோபம் அடங்கினால் அவன் முகம் வந்து நிற்கிறது, அதற்குக் கோபமே தேவலை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் போனைப் பிடித்திருந்தவன் சின்னவன். உன் பெரிய தம்பி கதவோரம் நின்றுகொண்டு, அக்காவுக்கு இருமல் நின்னுச்சான்னு கேளுடா என்பான், சின்னவன் அதில் மசாலா சேர்த்து உன்னிடம் சொல்வான், நீ அங்கே திட்டுவாய், அதை இரண்டு பங்காக்கி இங்கே திருப்புவான். உங்கள் இருவருக்கும் அவன்தான் வாய். நீங்கள் நேருக்கு நேர் பேசி எத்தனையோ வருஷமாயிற்று, அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. இப்போது நீ கூப்பிட்டால் அம்மா எடுக்கிறாள், தம்பி எங்கே என்கிறாய், குளிக்கிறான் என்கிறாள். அவன் குளிக்கவில்லை கண்ணு. அதே கதவோரம் நின்று உன் குரலைக் கேட்கிறான், நீ வைத்ததும் அறைக்குள் போய்விடுகிறான். கடைசி வாரம் சின்னவன் கூப்பிட்டபோது நீ வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை என்றும், அந்தக் கோபத்தில்தான் தம்பி பேசுவதில்லை என்றும் என்னிடம் அழுதாய், அவனிடம் சொல்லாதே என்றாய். அவனோ, ஒரே ரூம்ல படுத்திருந்தும் எனக்குத் தெரியலையேப்பா, அக்கா என்னை எப்படி மன்னிப்பா என்று அழுதான், அவளிடம் சொல்லாதே என்றான். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். இல்லாத கோபத்துக்கு நீங்கள் இருவரும் பயந்துகொண்டிருக்கிறீர்கள்.

நேற்று தம்பியை ஒர்க் ஷாப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிட்ஜ் ரிப்பேரில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் திறந்து போட்ட பிரிட்ஜின் முன்னால் ஸ்க்ரூ டிரைவரோடு வெறுமனே உட்கார்ந்தே இருந்தானாம். நான் சுற்றி வளைக்கவில்லை. உனக்கும் அந்த எண்ணம் வருதாடா என்று நேராகவே கேட்டேன். சில நேரம் வருதுப்பா என்றான். உடனே டாக்டரிடம் அழைத்துப் போனேன். நல்ல மனுஷி, அவசரப்படாமல் பேசினார், மாத்திரை எழுதிக் கொடுத்தார், வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார், தனியாக விட வேண்டாம் என்றார். நானும் அம்மாவும் மாறி மாறிக் கூடவே இருக்கிறோம். மனசுல இருக்கறத யார்கிட்ட சொல்லத் தோணுது என்று அவர் கேட்டதற்கு, அக்காகிட்ட, ஆனா அவ என்கிட்ட பேச மாட்டா என்றான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்ட பிறகு நான் எந்த வாக்கைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது. வீட்டுக்கு வந்ததும் நீ எடுக்காத போனைப் பற்றி அவனிடம் சொல்லிவிட்டேன். அக்கா என்ன பண்ணுவா, வேலைல இருந்திருப்பா என்றான். அவ்வளவுதான் சொன்னான், ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. அவனுக்கும் அப்படி ஒரு வார்த்தை வேண்டும், அதை நான் சொன்னால் அப்பா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தள்ளிவிடுகிறான்.

நீயும் அங்கே ஒரு டாக்டரிடம் மனம் விட்டுப் பேசு, வெட்கப்படாதே. வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு என்று எல்லோரும் வாய்ப்பழக்கத்தில் வாழ்த்துவார்கள், நான் அர்த்தம் தெரிந்து வாழ்த்துகிறேன், அம்மாவும் அதையே சொல்கிறாள். இதைப் படித்ததும் கூப்பிடு. நானும் அம்மாவும் எடுக்க மாட்டோம், போன் அவன் பக்கத்தில் இருக்கும். எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பான், அவனுக்குப் பழக்கமில்லை. நீ வைத்துவிடாதே.

மிச்சமிருக்கும் இரண்டு பிள்ளைகளும் எனக்கு வேண்டும் என்கிற
உன் அப்பா