எனக்கு மொதல்ல போடு

அக்கா,

இந்த நேரத்தில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹாசினி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அவள் தூங்கினால்தான் என் கை எனக்குக் கிடைக்கும், உங்களுக்குத் தெரியாததா.

சாயங்காலம் பெட்டிகளுக்குப் பூட்டு வாங்கப் போய்விட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். எதிரே ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மடியில் குழந்தை, மூவருக்கும் மொட்டை. மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருக்க வேண்டும், தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. திருத்தணியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது ஒரு வாசனையாகவே தெரியாது. இன்றைக்கு அந்த ஈரச் சந்தனம் மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு கே.ஜி.கண்டிகை வரைக்கும் போய்விட்டேன். "இன்னாக்கா, தூங்கிட்டியா?" என்றான் ஆட்டோக்காரன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

எங்கள் பின்சுவரை ஒட்டித்தான் உங்கள் தறிக்கொட்டகை. குக்கர் விசில் அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுகிற என் பெண், உங்கள் மிஷின் தறிகள் நாளெல்லாம் தடதடக்கிற அந்தச் சுவரில் மட்டும் முதுகைச் சாய்த்து அமைதியாக உட்கார்ந்திருப்பாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் இது எதனால் வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் எங்கள் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இன்னாமே, உம் பொண்ணு எந்நேரமும் செவுத்தக் கட்டிக்கினு குந்திகினு கீது? உள்ள கொண்டாந்து உடு. சத்தம் ஃப்ரீதான்" என்றீர்கள். அன்றைக்குத்தான் பல நாள் கழித்து நான் சிரித்தேன்.

இவருக்குக் கனடாவில் வேலை கிடைக்கும் என்ற பேச்சு வந்தபோதுதான் அத்தை தன் பேத்தியின் மொட்டைக் கதையை எடுத்தார். பிறந்த முடியையே இன்னும் முருகனுக்குக் கொடுக்கவில்லை. "அந்த வேண்டுதல் நிக்குது, அதான் புள்ளைக்கு வாய் தொறக்கல. அத முடிக்காம கடல் தாண்டினா சாமி சும்மா உடுமா?" என்றார். ஹாசினியின் தலையில் சீப்புப் படுவதே பெரும்பாடு. முடியை அவள் தூங்கும்போது நான்தான் கத்தரிப்பேன். ஒருமுறை மலைக்குத் தூக்கிப்போய், மண்டபத்து வாசலில் அவள் அலறிய அலறலில் அப்படியே திரும்பி வந்திருந்தோம். இந்த முறை நாலு பேராய்ப் பிடித்து அமுக்கி முடித்துவிடலாம் என்று அத்தை ஆள் சேர்த்தார். உங்களையும் கூப்பிட்டது அதற்குத்தான். கெட்டியாகப் பிடிக்க ஒரு ஆள்.

மண்டபத்தில் முடி எடுப்பவரும் அதையேதான் சொன்னார். "கொழந்தைய நல்லா புடிச்சிக்க தாயி."

நீங்கள் அவளை உங்கள் முகம் பார்க்க மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். கொண்டையை அவிழ்த்தீர்கள். இடுப்புவரைக்கும் முடி. "அது கெடக்கட்டும். எனக்கு மொதல்ல போடு."

"அடியே, புருசன் கீறவ! அவன ஒரு வார்த்த கேக்காம மொட்ட அடிக்கிறியே!" அத்தை பதறிப்போனார்.

"அந்தாளு பாத்துட்டு நாலு நாளைக்குச் சிரிப்பாரு, அவ்ளோதான் பெரீம்மா. நீ போடுய்யா."

ஈர முடி கொத்துக் கொத்தாக ஹாசினியின் கவுன்மேல் விழுந்தது. நான் அலறலுக்குத் தயாராகக் கையை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் அலறவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு கையை நீட்டி, கத்தி போன வழியில் உங்கள் தலையைத் தொட்டாள். அப்புறம் இன்னொரு கை. கத்தி முன்னே போக, அவள் உள்ளங்கைகள் பின்னாலேயே துரத்திக்கொண்டு போயின. திடீரென்று அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு. அதுவரை நான் கேட்டிராத சிரிப்பு, அக்கா.

"நிறுத்தாத, அப்பிடியே இந்தப் பக்கம் வா" என்று முடி எடுப்பவரிடம் மெல்லச் சொன்னீர்கள்.

தன் தலையில் தண்ணீர் பட்டபோதும் கத்தி பட்டபோதும் உங்கள் தலையிலிருந்து அவள் கையை எடுக்கவே இல்லை. யாரும் அவளைப் பிடிக்கவில்லை. கூட்டமும் கூச்சலும் எங்கோ தூரத்தில் கேட்டன. என் குழந்தையின் தலை முழுசாக எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சாமியைப் பார்க்க உள்ளே போனபோது எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றுமே தோன்றவில்லை. ஏற்கெனவே எதையோ பார்த்துவிட்டு வந்தவள்போல நின்றேன்.

கீழே இறங்கும்போது அத்தை, "அம்மா சொல்லு கண்ணு, அம்மா" என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். நீங்கள் சொன்னீர்கள்: "முருகன் இன்னா கடையா வெச்சிகினு கீறான், முடியக் குடுத்தா பேச்சக் குடுக்க?" அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் நான், ஏனக்கா அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "தல பாரம் கொறஞ்சிதுமே" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டீர்கள்.

உங்கள் முடி திரும்பக் கழுத்துவரை வளர்ந்திருந்தது, அப்போதுதான் அது நடந்தது. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது ஹாசினி கூட்டத்துக்குள் நுழைந்துபோய் உங்கள் தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். அவளை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அதற்கப்புறம்தான் விசா வேலைகள். குழந்தைக்கு இப்படி இருந்தால் மறுத்தாலும் மறுப்பார்களாம் என்று யாரோ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "பாப்பா எங்கிட்ட இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் போயி ஒரு வழி பண்ணிகினு அப்பறமா கூப்டுக்குங்க" என்றார் அத்தை. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் சரியோ என்று நானும் யோசித்தேன்.

சென்னையில் மருத்துவப் பரிசோதனை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்ததும் ஹாசினி மேஜைக்கு அடியில் போய்விட்டாள். "இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்களேன்" என்றார் அவர். என்ன தைரியமோ, நான் தரையில் உட்கார்ந்து, "டாக்டர், முதல்ல எனக்கு வைங்க" என்றேன். அவரும் குனிந்து வைத்தார். வெகு நேரம் ஆனது. கடைசியில் என் நெஞ்சிலிருந்த அந்த வட்டத்தை அவளே பிடுங்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். நான் அழுததைப் பார்த்து டாக்டர் பயந்துவிட்டார்.

மூன்று பேருக்கும் விசா வந்துவிட்டது. அவளையும் கூட்டிக்கொண்டுதான் போகிறோம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். "அங்க தறிச் சத்தம் இருக்குமா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை விமானம். பெல்ட் போட வேண்டும், காது அடைக்கும், அங்கே குளிருக்குத் தொப்பி போட வேண்டும், பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உங்களைப்போல முதலில் நான் உட்கார வேண்டியிருக்கும். அதற்குப் பயமில்லை. சமயத்துக்கு எனக்குத் தோன்றாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த முறை சிரித்து மழுப்பாதீர்கள். அன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டீர்களா, இல்லை அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தோன்றியதா?

கனவிலாவது வந்து சொல்லுங்கள் அக்கா. வெள்ளிக்கிழமைக்குள்.