பன்னிரண்டாவது வெள்ளைக் கல்

மங்கன்,
9 ஜூலை 1997

ஓங்முவின் அப்பாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். மலை சரிந்து சாலை போய்விட்டது. நீங்கள் வராததைக் குறையாக நினைக்கவில்லை. நான்கே நாள் காய்ச்சல். நம் மகளுக்கு இருபது வயதுதான் எழுதியிருந்தது.

இன்று ஏழாம் நாள். லாமா வந்து, இறந்தவர்களுக்கு வழி சொல்லும் ஏட்டை அவளுக்காக வாசிக்கிறார். அவள் அடுத்த பிறவிக்குப் போய்ச்சேர நாற்பத்தொன்பது நாள்; அது முடியும்வரை அழாதீர்கள். நம் கண்ணீர் அவள் நடக்கும் பாதையில் ஆலங்கட்டியாக விழுமாம். நான் அழவில்லை. உங்கள் தங்கை என் காதுபடவே, "பெத்தவளா இவ? பாறாங்கல்லு" என்றாள்.

எமனின் தராசில் நல்லதற்கு வெள்ளைக் கல், கெட்டதற்குக் கறுப்பு. தையல் கடையில் பொத்தான் தைத்தவளுக்கு என்ன வெள்ளை இருக்கும்? யோசித்து யோசித்து ஒரு கிண்ணத்தில் போட்டுவருகிறேன். எலிப்பொறியைத் திறந்துவிட்டது ஒன்று. அதற்காக அவளை அடித்திருக்கிறேன். பேருந்தில் யாருடைய குழந்தையோ எடுத்த வாந்தியைத் தன் சால்வையில் ஏந்தியது ஒன்று. பதினொன்றுதான் தேறியது. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள்.

நிம்கித்

சிலிகுரி,
2 ஆகஸ்ட் 1997

நிம்கித்,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்குள் ஒரு மாதம் அழுதுவிட்டேன், கிடங்கில் தேயிலை மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து. அவ்வளவு ஆலங்கட்டியும் என்னுடையதுதான். இப்போது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். உன்னைவிட்டு நான் இங்கே வந்த பிறகு இந்த ஐந்து வருடமும், லோசூங் புத்தாண்டுக்கு அவள் வந்தாள். உன்னிடம் தோழி வீடு என்றிருப்பாள். டப்பா நிறைய, புத்தாண்டுக்கு மாவில் பொரிக்கும் காப்சே. "அம்மா குடுத்தனுப்பினாங்க. நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்கப்பா, கோவிச்சுக்குவாங்க" என்பாள். உன் கை ருசி இருக்காது, எப்போதும் கருகியிருக்கும். பொய் என்று தெரியும். கேட்கவில்லை. அதைத் தின்றுதான் வருடத்தை ஓட்டினேன்.

இது எந்தக் கல்?

பிந்த்சோ

மங்கன்,
20 ஆகஸ்ட் 1997

ஓங்முவின் அப்பாவுக்கு,

தோழிக்கு என்றுதான் பொரித்தாள். எண்ணெயை வீணாக்குகிறாள் என்று ஐந்து வருடமும் திட்டினேன்.

லாமாவிடம் கேட்டேன். "பொய் பொய்தான், தாயி. கறுப்பு" என்றார். மற்றப் பதினொன்றும் இதற்கு ஈடாகாது என்று எனக்குத் தோன்றியது. "பொய் இல்லைங்க. நான்தான் குடுத்தனுப்பினேன்" என்றேன். "அப்ப இத்தனை நேரம் எதுக்குக் கேட்ட?" என்று சொல்லிவிட்டு வாசிக்கப் போனார். வெள்ளையைக் கிண்ணத்தில் போட்டேன். கறுப்பு என் பங்கில் சேரட்டும்.

இன்று நாற்பத்தொன்பது. இனி அவள் வேறு யாருக்கோ மகள். சாலை திறந்துவிட்டது, ஆனாலும் நீங்கள் வர வேண்டாம். அவள் இல்லாமல் நாம் இருவரும் என்ன பேசுவோம்? பார்சலில் காப்சே இருக்கிறது. நான் பொரித்தது. கருகவிட்டிருக்கிறேன்.

இனி அழலாம் என்கிறார்கள். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், வரவில்லை. உங்களுக்கு வருகிறதே, எனக்கும் சேர்த்து அழுங்கள்.

நிம்கித்